சாகாத வைக்கிங்

அருமைநாதன் சாகிற அழகைப் பார்க்கவென்றே அந்த முதல் வருடம் சனம் வந்தது என்று அவன் சிநேகிதன் பற்றிக் சொல்வான். பற்றிக் எதையும் ஒரு பிடி கூட்டிச் சொல்கிற ஆள். ஆனாலும் இந்த விஷயத்தில் அவன் சொன்னது முழுப் பொய்யில்லை. வயிற்றில் ஈட்டி பட்டதும் அருமைநாதன் உடனே விழமாட்டான். முதலில் பட்ட இடத்தைக் குனிந்து பார்ப்பான். பிறகு குத்தினவனை நிமிர்ந்து பார்ப்பான், நீயா இதைச் செய்தாய் என்று கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் கேடயம் சரியும், முழங்கால் மடியும், ஆள் பக்கவாட்டில் புல்லில் சாய்வான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற சனம் கை தட்டும். குத்தினவனை யாரும் கவனிப்பதில்லை.

இது என்ன கூத்து என்று கேட்கத்தான் தோன்றும். மொன்ட்ரியாலில் ஒரு குழு இருந்தது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்திய வைக்கிங் காலத்து ஆட்களைப்போல உடுத்தி, அவர்களைப்போலச் சமைத்துச் சாப்பிட்டு, மொட்டை வாளும் மொட்டை ஈட்டியும் வைத்துச் சண்டை பிடிப்பதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. சின்னப் பிள்ளைகள் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் பல் வைத்தியர், இரண்டு பேர் பஸ் ஓட்டுகிறவர்கள், தலைவி செலீன் வங்கியில் பெரிய உத்தியோகம். கோடையில் ஊர் ஊராகப் போய்ச் சனத்துக்குக் காட்டுவார்கள். குளிர் காலத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பழகுவார்கள்.

அருமைநாதனும் பற்றிக்கும் டவுன்டவுனில் ஒரே ஹோட்டல் சமையலறையில் வேலை. இவன் சோஸ் அடுப்பில் நிற்பவன், அவன் கேக் செய்பவன். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வான் வண்டியில் இருந்து சாமான் இறக்க ஒரு கை வேண்டும் என்று பற்றிக் கூப்பிட்டான். பூசை முடிந்து போனவனுக்கு வரிசையில் ஒரு ஆள் குறைகிறது என்று சொல்லி கேடயத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் சண்டையிலேயே செத்தான். செத்தவன் கொம்பு ஊதும்வரை எழும்பக் கூடாது என்பது விதி. புல்லில் மல்லாந்து கிடந்தான். மேலே மேகம் போய்க்கொண்டிருந்தது. கிழமைக்கு ஆறு நாள் அடுப்படியில் நின்றே வேலை செய்கிறவன், பகல் வெளிச்சத்தில் இப்படிக் கைகால் நீட்டிக் கிடந்து எத்தனை வருடம் என்று யோசித்தான். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அன்றைக்கே ஆள் விழுந்துவிட்டான், இரண்டு விதமாகவும்.

செலீன் எல்லோரையும் போல அவனையும் சோதித்தாள். உடுப்பில் ஜிப் இருக்கக் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, மூக்குக்கண்ணாடி கூடாது. கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பிடித்துப் பார்த்தாள். சிலுவை அந்தக் காலத்திலும் இருந்தது, ஆனால் பிளாஸ்டிக் இருக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்த கிழமை மரத்தில் ஒன்று கொண்டுபோனான். பிறகு, நீ எந்த ஊரில் இருந்து வந்த ஆள் என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஒரு கற்பனை வரலாறு. அருமைநாதன் பதினோராயிரம் தரம் கேட்ட கேள்வி அது. கப்பலில் வந்த வியாபாரி, திரும்பிப் போக வசதிப்படவில்லை என்று சொன்னான். செலீனுக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அவனுடைய கத்தோலிக்கக் கோவில் பங்கில் ஆட்கள் சிரித்தார்கள்தான். சண்டைக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்சை காசு குடுத்துச் சண்டை பிடிக்கிறானாம் என்று கோவில் வாசலில் ஒரு கதை ஓடியது. ஜொய்சி மட்டும் சிரிக்கவில்லை. ஜொய்சி அவன் மனைவி, மொன்ட்ரியால்-நோரில் கார்தெறி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். கம்பளித் துணி வாங்கிவந்து, செலீன் கொடுத்த படத்தைப் பார்த்து, அவளே கையால் அங்கி தைத்துக் கொடுத்தாள். அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் இருந்து அந்த வீடு கொஞ்சம் அமைதியான வீடாகத்தான் இருந்தது. மனுசன் எங்கேயாவது போய்ச் சிரித்துவிட்டு வரட்டும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

ஏன் அமைதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் பங்கில் நீக்கிலாப்பிள்ளை என்ற பெரியவர் தவறிப்போனார். பெட்டி தூக்க ஆள் போதவில்லை. அருமைநாதன் தோள் கொடுத்தான். அப்போது ஜொய்சிக்கு மூன்று மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரியின் புருஷன் பிரேதம் தூக்கக் கூடாது என்று நம் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. அருமைநாதனுக்கும் தெரியும். ஐந்து பேர் பெட்டியைச் சுற்றி நின்று ஆறாவது ஆளைத் தேடும்போது எவன் அதை நினைப்பான்? அடுத்த கிழமை பிள்ளை கலைந்துபோயிற்று. வைத்தியர், இது பலருக்கும் நடப்பதுதான், யாருடைய குற்றமும் இல்லை என்றார். இருவரும் தலையை ஆட்டினார்கள். ஜொய்சியின் தாய் மட்டும் கொழும்பில் இருந்து தொலைபேசியில், ஆர் அவரைப் பெட்டி தூக்கச் சொன்னது என்று கேட்டாள். கேட்டது காதில் ஏறிவிட்டது.

ஆகவே இரண்டாயிரத்து ஆறு மாசியில், சோதனைக் குச்சியில் கோடு தெரிந்த அன்றைக்கு, யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. ஜொய்சி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் இருந்தாள்.

“இஞ்சருங்கோ, ஒண்டு கேப்பன். செய்வீங்களோ?”

“கேளும்.”

“பிள்ளை பிறக்குமட்டும் அங்கை போய்ச் செத்துக் கிடக்காதேங்கோ.”

அருமைநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. “அது விளையாட்டெல்லே?” என்றான்.

“தெரியும். நானும் படிச்சனான்தான். ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லை எண்டு எனக்கும் விளங்கும்.” கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “எண்டாலும்.”

 நீக்கிலாப்பிள்ளையின் பெட்டி முழுதாக அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. “சரி, போகேல்லை. குழுவை விடுறன்” என்றான் அருமைநாதன்.

“போக வேண்டாமெண்டு ஆர் சொன்னது? வீட்டிலை இருந்தா என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருப்பீங்கள். அது எனக்கு இன்னும் பயம். போங்கோ. சாகாமல் வாங்கோ, அவ்வளவுதான்.” பிறகு, “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. வயிறு தானாத் தெரியட்டும்.”

“பற்றிக்குக்குமோ?”

“பற்றிக்குக்குச் சொன்னா ஹோட்டல் முழுக்கத் தெரியும்.”

வாக்குக் கொடுத்தான். கொடுக்கும்போது அது லேசான வாக்காகத்தான் தெரிந்தது. சாகாமல் இருப்பதில் என்ன கஷ்டம், உலகம் முழுக்க அதைத்தானே செய்கிறது என்று நினைத்தான். அங்கேதான் ஆள் பிழைவிட்டது.

ஏனென்றால் இந்தச் சண்டையில் நடுவர் என்று ஒருவர் கிடையாது. அடி பட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியது அடிபட்டவன் மட்டும்தான். பட்டால் விழவேண்டும். பட்டும் விழாமல் நின்றால், அடித்தவன் ஒன்றும் செய்ய முடியாது, வாய்திறந்து சொல்லவும் கூடாது. மற்ற எதையும் அவர்கள் மன்னிப்பார்கள். குடித்து வெறிக்கலாம், கூடாரத்தைக் கொளுத்தலாம், கைத்தொலைபேசியை அங்கிக்குள் ஒளித்து வைக்கலாம். பட்டும் விழாதவனை மன்னிக்கமாட்டார்கள். அவனுக்குக் கள்ளன் என்றுதான் பெயர்.

போதாக்குறைக்கு அந்த வருடம் ஆடி மாதக் காட்சிக்கு அருமைநாதனைக் கேடயச் சுவரின் முன்வரிசையில் போட்டிருந்தார்கள். கேடயச் சுவர் என்றால் ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று, ஒருவனுடைய கேடயம் பக்கத்தில் நிற்பவனையும் பாதி மறைக்கும்படி பிடிப்பது. முன்வரிசையில் நிற்க இரண்டு மூன்று வருடம் காத்துக் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவனுக்கு ஒரே வருடத்தில் கிடைத்தது. இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடத்தில், நீ இங்கே நில் என்று யாரும் அவனுக்கு ஆசையாக ஓர் இடம் காட்டியது அதுதான் முதல் தரம். அதை இழக்க அவனுக்கு மனமில்லை. வாக்கையும் விட முடியாது, இடத்தையும் விட முடியாது என்று இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பங்குனி, சித்திரை எப்படியோ போயிற்று. முழங்கால் நோகிறது என்றான். கொடி பிடிக்கிறேன் என்றான். கொம்பு ஊதப் பழகுகிறேன் என்று சொல்லி மண்டபத்தில் இருந்த எல்லோருடைய காதையும் கெடுத்தான். பிறகு சாக்குகள் தீர்ந்துபோயின. வைகாசியில் ஒரு நாள் பல் வைத்தியரின் வாள் அவன் விலாவில் பட்டது. எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தில் பட்டது. அருமைநாதன் விழவில்லை. பல் வைத்தியர் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தப் பார்வையை விட இன்னொரு அடி அடித்திருக்கலாம்.

பற்றிக் வேலையில் வைத்துக் கேட்டான். “நத்தான், உனக்கு என்ன நடந்தது?” அருமைநாதன் என்று முழுதாகச் சொல்ல அவன் நாக்கு ஒருநாளும் வளைந்ததில்லை. “போன வருடம் காற்றுப் பட்டாலே செத்தாய். இப்போது கோடரி பட்டாலும் நிற்கிறாய்.”

“அடி உறைக்கவில்லை” என்றான் அருமைநாதன். சோஸைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

“எனக்குப் பொய் சொல்லாதே” என்று பற்றிக் மெதுவாகச் சொன்னான். கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டான். ஒரு நல்ல சிநேகிதனிடம் கள்ளன் என்று பெயர் வாங்குவது எப்படி இருக்கும் என்று அருமைநாதனுக்கு அன்றைக்கு நன்றாக விளங்கியது. 

ஆடி மாதம் இல்-பிசார் தீவில் ஒரு பெரிய வெளியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் காட்சி. அந்தத் தீவுக்கு பஸ் போவது அருமை, ஆகவே பற்றிக்கின் வானில் போனார்கள். ஜொய்சியும் வந்தாள். ஆறு மாதம் கடந்துவிட்டது, ஆனால் அகலமான சட்டை, வைக்கிங் காலத்துச் சால்வை எல்லாம் போட்டு மறைத்திருந்தாள். வீட்டில் தனியாக இருக்க அலுக்குது என்று சொன்னாள். புருஷன் வாக்கைக் காக்கிறாரா என்று பார்க்க வந்ததாகவும் இருக்கலாம்.

சனி பின்னேரச் சண்டையில் பற்றிக் எதிர்ப் பக்கத்தில் நின்றான். இரண்டு சுவர்களும் மோதிக் கலைந்ததும் நேராக அருமைநாதனிடம் வந்தான். ஈட்டி வயிற்றில் பட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் முந்நூறு சனம் நின்று பார்த்தது. அருமைநாதன் விழுந்திருக்கலாம். புல் அவனைக் கூப்பிட்டது என்றே சொல்லலாம், அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் கூடார நிழலில் ஒரு பெட்டியின்மேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு ஜொய்சி இருந்தாள். அவன் நின்றான். பற்றிக் இரண்டாம் தரம் குத்தினான். நின்றான். மூன்றாம் தரம் பற்றிக் கோபத்தில் குத்தினான், அது உண்மையாகவே நொந்தது. சனத்துக்குள் இருந்து யாரோ, அவன் செத்துவிட்டான், ஏன் நிற்கிறான் என்று பிரெஞ்சில் கத்த, நாலு பக்கமும் சிரித்தார்கள். பற்றிக் ஈட்டியை நிலத்தில் போட்டுவிட்டு வெளியே நடந்தான்.

சனம் போனபிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் செலீன் கூட்டம் கூட்டினாள். அந்தக் காலத்து ஆட்கள் ஊராகக் கூடியிருந்து வழக்குத் தீர்ப்பார்களாம், இவர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. வட்டமாக இருப்பார்கள். ஒரு ஆள் குழுவில் இருக்கலாம் என்றால் ஆயுதத்தால் கேடயத்தில் தட்ட வேண்டும். வேண்டாம் என்றால் சும்மா இருக்க வேண்டும். செலீன் நியாயமான மனுசி, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“நத்தான், உனக்கு அடி பட்டது. எல்லோரும் பார்த்தோம். ஏன் விழவில்லை?”

அருமைநாதன் புல்லைப் பார்த்தான். பட்டது தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தும் விழவில்லை என்றால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பது அவனுடைய சொத்தில்லை, ஜொய்சியினுடையது. “என்னால் சொல்ல முடியாது” என்றான். “பட்டது. அது மட்டும் உண்மை.”

பற்றிக் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். செலீன் பெருமூச்சு விட்டு, “சரி, அப்படியென்றால் தட்டுகிறவர்கள் தட்டலாம்” என்றாள். ஒருவரும் தட்டவில்லை. தூரத்தில் எங்கேயோ புல்வெட்டும் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் ஜொய்சி கூடார நிழலில் இருந்து எழும்பி வட்டத்துக்குள் வந்தாள். குழுவில் இல்லாதவர்கள் கதைக்க முடியாது என்று செலீன் சொல்லத் தொடங்கினாள்.

“முதலில் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள்” என்றாள் ஜொய்சி. கார்தெறியில் நாலு வயதுப் பிள்ளைகளுடன் கதைக்கிற அதே பிரெஞ்சு, அதே குரல். கோடரியும் வாளும் வைத்திருந்த அத்தனை தாடிக்காரரும் கீழே வைத்தார்கள். பல் வைத்தியர் முதலாவதாக வைத்தார்.

“எனக்கு வயிற்றில் பிள்ளை. ஆறு மாதம். இதுக்கு முன்னால் ஒன்று இருந்தது, கலைந்துபோயிற்று. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மனைவி பிள்ளை சுமக்கும்போது புருஷன் சாவுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. போன தரம் அவர் ஒருவருக்குப் பெட்டி தூக்கினார். இந்தத் தரம் நான் அவரிடம் வாக்கு வாங்கினேன். விளையாட்டுக்கும் சாக வேண்டாம் என்று. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் நான்தான் சொன்னேன். இப்போது நானே சொல்லிவிட்டேன்.”  மூச்சு வாங்கியது. “இவரைக் குழுவில் இருந்து கலைப்பதென்றால் கலையுங்கள். ஆனால் கள்ளன் என்று சொல்லிக் கலைக்காதீர்கள்.”

அருமைநாதன் புல்லில் இருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். எத்தனை மாதமாகக் கண்ணூறு படும் என்று சொந்தத் தமக்கைக்கே சொல்லாமல் பொத்திவைத்ததை, முன்பின் தெரியாத இத்தனை பேர் நடுவில், அவன் மானத்துக்காக எடுத்து வைத்துவிட்டாள். அவளை அங்கேயே கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. யாழ்ப்பாணத்து இளவாலையில், நாலு பேர் பார்க்க மனைவியைத் தொடாத ஊரில் பிறந்தவன் ஆகையால் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றதோடு சரி.

முதலில் தட்டியது பற்றிக். ஈட்டியை எடுத்து அதன் கம்பால் கேடயத்தில் ஓங்கித் தட்டினான், கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினான். பிறகு பல் வைத்தியர், பிறகு பஸ்காரர் இருவரும், பிறகு வட்டம் முழுக்க. அந்தச் சத்தத்தில் ஜொய்சி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். அதைக் கண்டு செலீன் கை காட்ட, சத்தம் நின்றது.

செலீனின் முகம் அப்படியே மலர்ந்திருந்தது. “நாங்கள் எல்லோரும் வேஷம் போடுகிறோம்” என்றாள். “தையல் ஊசி முதல் செருப்பு வரை பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். இந்த முகாமில் உண்மையாகவே பழையது என்று சொல்லக்கூடிய பொருள் உங்களுடைய இந்த வழக்கம் ஒன்றுதான். நாளைக்குச் சனத்துக்கு இதைப்பற்றி ஒரு விளக்கம் சொல்லட்டுமா?”

“இது பொருள் இல்லை” என்றான் அருமைநாதன். அவனுக்கு நல்ல கோபம். ஐந்து மாதமாக அடக்கிவைத்திருந்த கோபம் வேறு. “என்னுடைய பிள்ளை.”

செலீன் சிவந்துபோனாள். மன்னிப்புக் கேட்டாள், மனதார. பிறகு எல்லோருமாக நாளைக்கு அவனை என்ன செய்வது என்று யோசித்தார்கள். அடி பட்டால் நிற்க முடியாது, விழவும் முடியாது. பற்றிக்தான் வழி சொன்னான்: “ஓடட்டும்.” அந்தக் காலத்தில் எல்லோருமா நின்று செத்தார்கள்? ஓடினவர்களும் இருந்திருப்பார்கள். ஓடினவர்களுக்குத்தான் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

ஞாயிறு பின்னேரம் அருமைநாதன் கேடயச் சுவரில் தன் இடத்தில் நின்றான். பக்கத்தில் பற்றிக், அவன் கேடயம் இவனைப் பாதி மறைத்தது. எதிர்ப் பக்கத்து ஈட்டி தோளில் பட்டதும் அருமைநாதன் கேடயத்தை எறிந்துவிட்டுத் திரும்பி ஓடத் தொடங்கினான். சனம் ஊளையிட்டது. கோழை என்று கத்தினார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஓடுவது அவனுக்குப் புதிதில்லை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, தாயைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு மழைக்குள் போனவன். அன்றைக்கு யாரும் ஊளையிடவில்லை, ஊளையிடப் பின்னால் ஆள் மிச்சமிருக்கவில்லை. இன்றைக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கயிற்றைத் தாண்டிக் கூடாரத்துக்கு ஓடி, ஜொய்சியின் காலடியில் போய்த் தொப்பென்று இருந்தான். அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

“வடிவா ஓடினீங்கள்” என்றாள். பகிடிதான். ஆனாலும் அவள் கை அவன் தலையில் இருந்தது.

ஐப்பசியில் பெண் பிள்ளை பிறந்தது. செலீன் கையால் பின்னிய கம்பளித் தொப்பி ஒன்றை அனுப்பினாள், அசல் வைக்கிங் காலத்துத் தையலில். பிள்ளை அதைத் தலையில் வைக்கவே விடவில்லை.

வாக்கு முடிந்தது. அந்தக் குளிர் காலம் முழுக்க அருமைநாதன் மண்டபத்தில் ஆசைதீரச் செத்தான். பல் வைத்தியரிடம் இரண்டு தரம் விலாவைக் காட்டிச் செத்து, பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டான். புதிதாக ஒரு சாவும் பழகினான், சுற்றிச் சுழன்று விழுகிற சாவு. அடுத்த ஆடியில் இல்-பிசாரில் காட்டுவதற்கென்று அதை வைத்திருந்தான்.

அந்த நாளும் வந்தது. ஜொய்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கயிற்றின் ஓரத்தில், முன்னால், சனத்தோடு சனமாக இருந்தாள். சுவர்கள் மோதின. ஈட்டி பட்டது. அருமைநாதன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், ஒரு சுற்றுச் சுழன்று முகங்குப்புற விழுந்தான். சனம் கை தட்டிய தட்டில் செலீனுக்கே பெருமை தாங்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பற்றிக்கும் விழுந்தான். சண்டை முடிய, வெளி முழுக்க ஆட்கள் விழுந்து கிடந்தார்கள். கொம்பு ஊதுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் விடுவது செலீனின் வழக்கம். சனம் பார்த்து அனுபவிக்கட்டும் என்று.

அந்த அமைதிக்குள் ஒரு குரல் கேட்டது.

“இஞ்சருங்கோ.”

அருமைநாதன் அசையவில்லை. செத்தவன் அசையக் கூடாது.

“இஞ்சருங்கோ, எழும்புங்கோ.” இந்த முறை குரல் உடைந்திருந்தது. “கிடந்தது காணும், எழும்புங்கோ.”

அத்தனை சனத்துக்குள் அந்தத் தமிழ் விளங்கிய ஆள் அவன் ஒருவன்தான். கையை ஊன்றி எழும்பினான். பற்றிக் புல்லுக்குள் இருந்து வாயை அசைக்காமல், “நத்தான், நீ செத்துப்போனாய்” என்றான்.

“தெரியும்” என்றான் அருமைநாதன். “வீட்டில் கூப்பிடுகிறார்கள்.”

செத்தவர்களைத் தாண்டித் தாண்டி நடந்தான். சனம் முணுமுணுத்தது, செலீன் தலையில் கை வைத்தாள். அவன் கயிற்றுக்குக் கீழால் குனிந்து ஜொய்சிக்குப் பக்கத்தில் போய் இருந்தான்.  பிள்ளையை வாங்கி மடியில் வைத்தான்.

“கூப்பிட்டிருக்கக் கூடாது” என்றாள். “எல்லாரும் பாக்கினம். உங்கடை பெயரைக் கெடுத்துப்போட்டன்.”

“பரவாயில்லை. என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை. நீங்கள் விழுந்து கிடந்த கிடை.” முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். “பிள்ளைக்கு ஆகாதெண்டுதான் சொன்னனெண்டு நானும் இவ்வளவு நாளா நினைச்சுக்கொண்டிருந்தன். அது பிள்ளைக்காகச் சொன்னதில்லை போல.”

அருமைநாதன் பிள்ளையை ஒரு கைக்கு மாற்றினான். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான், இத்தனை பேர் பார்க்க. இளவாலையாவது மண்ணாவது. “இனி ஓடுறன்” என்றான். “ஓட்டம்தான் எனக்கு நல்லா வரும்.”

கொம்பு ஊதியது. வெளியில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். அங்கியில் ஒட்டிய புல்லைத் தட்டினார்கள், ஒருவரை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். பல் வைத்தியர் தன் கால்செருப்பைத் தேடினார்.

“பாத்தீரோ” என்றான் அருமைநாதன், “எல்லாரும் எழும்பிட்டினம்.”

“பற்றிக் இன்னும் எழும்பேல்லை” என்றாள் ஜொய்சி.

பற்றிக்கும் எழும்பி, முதுகை நிமிர்த்தி, இவர்கள் பக்கம் கையைக் காட்டும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.